நாலு மாடிக்கு ஆட்சேபணை

எந்தச் சின்ன நகரத்தை எடுத்துக்கொண்டாலும் தெருவுக்கு ஒருவராவது தேறுவார், நம்முடைய ஆட்சேபணைக்காரர். பஸ்ஸில் முண்டியடித்து ஏறி, உட்கார இடமும் பிடித்துவிட்டு, "உள்ள எடமே இல்ல, வண்டிய எடுப்பா!" என்று கத்துகிற ஆசாமியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அவரேதான். இப்போது வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குத் தெரிந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருக்குத் தெரு அகலமாக வேண்டும், சாக்கடை மூடியிருக்க வேண்டும், விளக்கு விடிய விடிய எரிய வேண்டும், ஆனால் படுக்கையறைப் பக்கம் வெளிச்சம் விழக் கூடாது, வாசலருகே பஸ் நிற்க வேண்டும், ஹாரன் மட்டும் அடிக்கக் கூடாது, வீட்டு வரியோ அவர் குடிவந்த வருஷத்தில் இருந்த இடத்தை விட்டு ஓர் அடி அசையக் கூடாது. பணத்துக்கு நகராட்சி எங்கே போகும்? அது அவர் கவலையா என்ன!

தெருமுனைக் காலிமனையில் நாலு மாடி, பதினாறு வீடு வரப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. காற்று வராது, வெயில் வராது, வண்டி நிறுத்த இடமிருக்காது, கண்டவர்களும் குடிவந்துவிடுவார்கள் என்று பதினொரு பக்கத்துக்கு மனு எழுதினார்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார். "நான் வளர்ச்சிக்கு விரோதி இல்லீங்க. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஓடியது.

நகராட்சிப் பொறியாளர் பொறுமைசாலி. "சார், இப்ப பத்து வீட்டுக்குப் போட்டிருக்கிற குழாயே இருபத்தாறு வீட்டுக்கும் தாங்கும். செலவப் பங்கு போட்டுக்க ஆள் வந்தா உங்க வரி ஏறாது. நீங்க கணக்கு வாத்தியாருதானே?"

"கணக்கு வேற, காத்து வேற!"

கைதட்டல் பறந்தது. அது ஓய்வதற்குள் கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் எழுந்து நின்றாள். வாத்தியாரின் ஒரே மகள். நகர மருத்துவமனையில் நர்ஸ். ஊருக்கு வெளியே குடியிருந்துகொண்டு தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவள்.

"அப்பா, அந்த ரெண்டாவது மாடியில ஒரு வீட்டுக்கு நானும் எழுதிக் குடுத்திருக்கேன். பக்கத்துலயே இருந்தா குழந்தைய அம்மாகிட்ட விட்டுட்டு வேலைக்குப் போகலாம்னு."

வாத்தியார் மைக்கைத் தாழ்த்தி மகளையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

"உனக்கு வேற தெருவுல பாக்கலாம்மா. அங்கெல்லாம் கட்டறாங்களே."

"அங்கயும் ஒரு அப்பா எந்திரிச்சு நிப்பாருப்பா."

ஜெயித்தது வாத்தியார்தான். மனையில் புதர் மண்டிக் கிடக்கிறது. செலவைப் பங்கு போட ஆளில்லாமல் வரி ஏறிவிட்டது. மகள் மாதக் கணக்கில் எட்டிப் பார்ப்பதில்லை. "பேரக் குழந்தைய கண்ணுல காட்டவே மாட்டேங்கறா" என்று அவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் புலம்புகிறார். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது இல்லையா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்துவிட்டு ஒன்று சொல்லுங்கள்: போன வாரம் உங்கள் பக்கத்து மனையில் இரண்டு பேர் அளவு நாடா பிடித்துக்கொண்டு நின்றபோது, சன்னல் திரையை ஓரமாக விலக்கி, "எத்தன மாடியாம்?" என்று கவலையோடு கேட்டது யார்?