பாண்டியராஜ் நிஜமாகவே ரேத்புராவில் வளர்ந்தவரா?

மட்டாஞ்சேரி
மார்ச், 2003

அன்புள்ள அக்கா அமுதவள்ளிக்குத் தம்பி தங்கையா வணங்கி எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நானும் ஓமனாவும் அம்பிளியும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உனக்குப் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, கூடத்தில் ஓமனா இருக்கிறாள். இது பெண்டாட்டி காதில் விழக்கூடாத விஷயம். அதனால் கார்ப்பரேஷன் ஆபீசில் சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் எழுதுகிறேன்.

அம்பிளிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் அனீஷ். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கிற வளாகத்தில் ஏசி மெக்கானிக். பையன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அம்பிளிக்கும் பிடித்திருக்கிறது. வாயால் சொல்லவில்லை, ஆனால் காக்கநாட்டுக்கு எந்த பஸ் போகும் என்று யாரும் கேட்காமலே சொல்கிறாள். என் சந்தேகமெல்லாம் பையனின் அப்பா பாண்டியராஜ் மேல்தான். ஏலூர்ப் பக்கம் காண்ட்ராக்ட் வேலை பார்த்து ஓய்ந்தவர். பெண் பார்க்க வந்த அன்று, தான் வாங்கி வந்த பழம்பொரியை, அதாவது வாழைப்பழ பஜ்ஜியை, கையில் எடுத்தவர், சுவரில் இருக்கிற நம் அப்பாவின் பட்டாளத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது எந்த இடம் சாரே?" என்றார். ராஜஸ்தானத்தில் ரேத்புரா, அப்பா அங்கே பட்டாளத்துச் சமையல்காரராக இருந்தார் என்றேன். அவர் பழம்பொரியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். "நானும் ரேத்புராவுல வளந்தவன்தான். எங்கப்பா அங்க லாரி ஓட்டுனாரு" என்றார்.

அக்கா, நீயே சொல். ரேத்புரா என்ன மதுரையா? ஒரு ரயில் நிலையம், லைன் வீடுகள், ஒரு கேன்டீன், பாக்கியெல்லாம் மணல். அங்கே தமிழ் பேசுகிற யாராவது தும்மினால்கூட நம் அம்மாவுக்குச் சேதி வந்துவிடும். லாரி ஓட்டிய தமிழர் ஒருவர் குடும்பத்தோடு இருந்து நமக்குத் தெரியாமல் போகுமா? கேட்டேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், டிரைவர்கள் குடியிருந்த மோட்டார் லைனில் இருந்தார்களாம். பாதையைத் தாண்டினால் அப்பா தோலை உரித்துவிடுவார் என்பதால் நாம் அந்தப் பக்கம் போனதே இல்லை. அது தெரிந்துதான் அந்தப் பக்கத்தைச் சொல்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடம் ஒன்றுதானே என்று மடக்கினேன். "நான் உச்சைக்கு மேல உள்ள கிளாஸ்" என்றார். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் மத்தியான வகுப்புதான். பழைய தலைமை ஆசிரியர் எப்படி இருப்பார் என்றால், "உச்சைக்கு அவரு ஒறங்கிட்டு இருப்பாரு" என்கிறார். இப்படி ஒரு வசதியான பதிலை நான் கார்ப்பரேஷனில்கூடக் கேட்டதில்லை.

ஒட்டக வண்டியில் தண்ணீர் வருமே, அது சாயங்காலம்தானே வரும்? அவர் விடியற்காலை என்கிறார். அந்த ஊர் நல்ல ஊர் என்று வேறு சொல்கிறார். சாப்பிடுகிற ரொட்டியில் மணல், படுக்கிற பாயில் மணல் என்று வளர்ந்த யாராவது அதை நல்ல ஊர் என்பார்களா? இதைவிட மோசம் இன்னொன்று. தை மாதக் குளிரில் வாசலில் வைத்த பால் உறைந்து, அம்மா அதைக் கரண்டிக் காம்பால் உடைத்தாள் என்று கல்யாணமான நாளிலிருந்து ஓமனாவிடம் சொல்லி வருகிறேன். "பாலைவனத்துல ஐசா? ஒன்னு சும்மா இரிங்க" என்பாள். அதையே பாண்டியராஜ் சொன்னார். ஓமனா கன்னத்தில் கைவைத்து, "ஐயோ பாவம், சின்னப் பிள்ளைங்க எப்பிடிச் சகிச்சீங்க?" என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நானும் அதே குளிரில் சின்னப் பிள்ளையாக இருந்தவன்தான் என்பது அவளுக்கு நினைவே இல்லை.

கிளம்பும்போது அவர் வாசலில் குனிந்து செருப்பைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டார். தேளுக்காக நாமெல்லாம் பூட்ஸைத் தட்டுவோமே, அதைப்போல. ரப்பர் செருப்பில் தேள் எங்கே ஒளியும்? இது எங்கேயோ கற்றுக்கொண்டு வந்த வித்தை என்று அப்போதே முடிவு செய்தேன். நான் ஷூவைத் தட்டினால் கிறுக்கு என்று சொல்கிற ஓமனா, "பாத்தீங்களா, எத்தற கவனமான மனுசன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி வந்தார். இந்த முறை ஒரு பொறி வைத்தேன். "கமலாக்ஷி டீச்சரை ஞாபகம் இருக்கா? ஒரு கால் விந்தி நடப்பாங்களே" என்றேன். அப்படி ஒரு டீச்சர் ரேத்புராவில் கிடையாது. கமலாக்ஷி என்பது எங்கள் ஆபீசில் பக்கத்து மேஜையில் இருக்கிற அம்மாள். கண்ணைக்கூட இமைக்காமல், "மறக்க முடியுமா? என்னை மணல்ல முட்டி போட வச்சவங்களாச்சே" என்றார். மாட்டிக்கொண்டார் என்று என் மனம் குதித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "கேன்டீன்காரரு வெங்கிடாசலம் ஒரு கிளி வளத்தாரே, மேஜரை இந்தியில திட்டுமே, அது ஞாபகம் இருக்கா?" என்றார். எனக்குக் கிளி எதுவும் ஞாபகம் வரவில்லை. ஆனால் சம்பந்தம் பேச வந்த இடத்தில், சொந்த ஊர்க் கிளியைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? "பச்சைக் கிளிதானே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சாயாவைக் குடித்தார்.

அவர் போன பிறகு ஓமனா சொல்கிறாள், கிளியும் இல்லையாம், வெங்கிடாசலமும் இல்லையாம். நான் ஆழம் பார்ப்பது தெரிந்து அவரும் என்னை ஆழம் பார்த்தாராம். சமையல்கட்டில் அவளிடம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். "ரெண்டு பேரும் ஒரே போலக் கள்ளம் பறஞ்சீங்க, பின்ன என்ன?" என்கிறாள். அக்கா, இரண்டும் ஒன்றல்ல. நான் சொன்ன பொய் பெண்ணைப் பெற்றவன் பொய். அவர் சொன்னது வெறும் பொய்.

இன்னொன்றும் யோசித்தேன். ஒரு சின்னப் பட்டாள ஊரின் விவரம் இவ்வளவு யாருக்குத் தெரியும்? ஒன்று, அங்கே வளர்ந்தவனுக்கு. இல்லையென்றால் எதிரி நாட்டுக்கு. இங்கே பக்கத்திலேயே கப்பற்படை இருக்கிறது. இதை அம்பிளியிடம் மெதுவாகச் சொன்னேன். "உளவு பாக்க வந்தவரு எதுக்குப்பா பழம்பொரி வாங்கிட்டு வரணும், பையனுக்குப் பொண்ணு கேக்கணும்?" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் எச்சரிக்கை கிடையாது.

ஆகவே நானே அவரைப் பின்தொடர்ந்தேன். தோப்பும்படியில் மீன் வாங்கினார். பிறகு ஒரு கட்டட வேலை நடக்கிற இடத்தில், லாரி கொட்டிவிட்டுப் போன மணல் குவியலுக்கு முன்னால் நின்றார். நான் ஒரு பேக்கரி வாசலில் மறைந்துகொண்டேன். மீன் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கைப்பிடி மணலை அள்ளி, விரலிடுக்கு வழியாக விட்டுப் பார்த்தார். அது ஆற்று மணல், ஈரம். கட்டியாக விழுந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மணலில் என்ன சோதித்தார்? அவர் போன பிறகு நானும் போய் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். கட்டியாகத்தான் விழுந்தது. ஏனோ அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதில் ஏதோ இருக்கிறது.

ஆகவே அக்கா, இந்தக் கடிதம் கண்டதும் நீ மூன்று காரியம் செய்ய வேண்டும். தண்ணீர் வண்டி சாயங்காலம்தான் வந்தது என்று தெளிவாக எழுதிப் போடு. மோட்டார் லைனில் தமிழ்க் குடும்பம் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பார். குளிர் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்று போன தடவை மாதிரிச் சொல்லிவிடாதே. நீ நாலு வயது மூத்தவள், உனக்குத் தெரியாததை நான் யாரிடம் கேட்பேன்? மூன்றாவது, ஓமனா போன் செய்தால் இந்தக் கடிதமே வரவில்லை என்று சொல்லிவிடு. உன் பதில் வரும்வரை இந்தச் சம்பந்தத்தை நகரவிட மாட்டேன். பஞ்சாங்கம் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு என் ஆசி, வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல். குலதெய்வம் நம் எல்லோரையும், முக்கியமாக ஏமாறக்கூடியவர்களை, காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி
தங்கையா

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்காதே. படித்துவிட்டாயானால் மறந்துவிடு. தபாலில் போடுவதற்குள் நேற்றுக் காலை பாண்டியராஜே நேரில் வந்துவிட்டார். பஞ்சாங்கத்தில் என்ன குறை என்று கேட்டார். நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது தோப்பும்படிப் பக்கம் ஏதோ ஐஸ் கம்பெனியில் புதிதாக வைத்த சைரனைச் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமான சங்கு இல்லை அக்கா, அறுபத்தைந்தாம் வருஷம் யுத்தத்தில் விமானம் வந்தால் ஊதுமே, அதேபோல ஏறி இறங்கி, ஏறி இறங்கி. என்ன நடந்ததென்று எனக்கே தெரியாது. கண்ணைத் திறந்தபோது நான் கட்டிலுக்கு அடியில் குப்புறக் கிடந்தேன், பள்ளிக்கூடத்தில் நமக்குப் பழக்கிவிட்டார்களே, அதேபடி கட்டைவிரல் இரண்டும் காதில், தோள்துண்டு பல்லுக்கு நடுவில். பக்கத்தில் பாண்டியராஜ். அவருக்கும் விரல் காதில், துண்டு வாயில். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சைரன் நின்றுவிட்டது. நான் எழப்போனேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, துண்டை எடுத்துவிட்டு, "அண்ணாச்சி, நேரா ஊதட்டும்" என்றார். சரிதான். ஆபத்து நீங்கிவிட்டது என்று நீளமாக ஒரே ஸ்தாயியில் ஊதாமல் பதுங்குகுழியை விட்டு வரக்கூடாதே. ஐஸ் கம்பெனிக்காரனுக்கு அதெல்லாம் தெரியுமா? அவன் ஊதவே இல்லை. சாயா ஆறுகிறது என்று ஓமனா மூன்றாம் தடவை கூப்பிட்டும் நாங்கள் வரவில்லை. அவருடைய தங்கை ஒருத்தி அந்த வருஷம் குழிக்குள் பயந்து அவர் விரலைக் கடித்ததைச் சொன்னார், தழும்பைக் காட்டினார். நீ என் தலைமேல் படுத்துக்கொண்டதை நான் சொன்னேன். அப்படியே அங்கேயே நிச்சயதார்த்தத்துக்குச் சித்திரை பத்தாம் தேதி என்று பேசி முடித்துவிட்டோம். நீயும் அத்தானும் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டும். கடைசியில் அம்பிளி அறை வாசலில் வந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, மூச்சு முட்டுகிற வரைக்கும் ஒரே சீராக "ஊ" என்று ஊதினாள். இருவரும் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டோம். உனக்கு யாரம்மா இதைச் சொன்னது என்று கேட்டேன். "நீங்கதானே அப்பா, நான் ஒண்ணாங் கிளாஸ் படிக்கும்போது" என்றாள்.