பத்து டன்னுக்குக் குறையாத சின்னக் கார்

எங்கள் நகராட்சிக்கு ஒரு சின்னக் கார் தேவைப்பட்டது. சின்னது என்றால், பின்கதவை மேலே தூக்கித் திறப்போமே, நாலு பேர் நெருக்கிக்கொண்டு உட்காரலாமே, அந்த ரகம். புதிதோ பழையதோ, பெட்ரோலைக் குறைவாகக் குடித்தால் போதும். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். பதினெட்டு வருஷமாக அதே ஆபீசில் கடிதம் டைப் அடிக்கிறவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

கார் கேட்டவர் ஊசியக்கா. நகராட்சி நர்ஸ். எழுந்து நடமாட முடியாமல் வீட்டோடு படுத்துவிட்டவர்களைத் தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் ஊசி போடுவதும் அவர் வேலை. அப்படி முப்பத்தொரு பேர் அவர் கணக்கில். அவருக்கே வயது ஐம்பத்து நாலு, முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. தோளில் மருந்துப் பை, கையில் மடக்குச் சக்கர நாற்காலி, இரண்டு பஸ் மாறி, மீதி தூரம் நடை. ஒரு நாளைக்கு ஐந்து வீடு பார்ப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

"ஒரு சுற்று முடிச்சு வர்றதுக்குள்ள முதல்ல போட்ட கட்டு நாறிப்போகுது சார். ஒரு சின்னக் கார் இருந்தா ரெண்டே நாள்ல எல்லாரையும் பார்த்துடுவேன். எனக்கு ஓட்டத் தெரியும். அப்படியே எழுதுங்க" என்றார். அப்படியே எழுதினேன். 'நாறிப்போகுது' என்பதை மட்டும் 'விரும்பத்தகாத நிலையை அடைகிறது' என்று மாற்றினேன்.

மனு எங்கள் ஆணையரிடம் போனது. அவருக்கு ஆபீசில் காற்புள்ளி என்று பெயர். எந்தக் கடிதம் போனாலும் ஒரு காற்புள்ளி சேர்த்துத் திருப்பி அனுப்புவார், திரும்பப் போனால் அதை எடுத்துவிட்டு அனுப்புவார். கெட்டவர் இல்லை. மனுவைப் படித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நியாயமான கோரிக்கை. உடனே ஒரு குழு போடுங்க" என்றார்.

எரிபொருள் சிக்கனச் சிறுவாகன மதிப்பீட்டுக் குழு பிறந்தது. தலைவர் காற்புள்ளி. உறுப்பினர், நகராட்சி வண்டிகளுக்குப் பொறுப்பான வண்டி ஆபீசர். குறிப்பெழுத நான். ஊசியக்காவையும் சேர்க்கலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"கார் வேணும்னு கேக்கிறவங்களே காரைப் பார்த்தா அது பாரபட்சம் இல்லையா?" என்றார் காற்புள்ளி. அதையும் குறிப்பில் எழுதினேன். அந்த ஆபீசில் கேள்வி கேட்காமல் குறிப்பெழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வண்டி ஆபீசரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் கார் உயரமாக இருந்தால்தான் கௌரவம் என்று ஒரு வியாதி பரவியிருக்கிறது அல்லவா, அதை எங்கள் ஊருக்குள் கொண்டுவந்தவர் அவர். அவருடைய வண்டியில் ஏற ஒரு படி, பிடித்துக்கொள்ள ஒரு பிடி. இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு குதிப்பார். மலை ஏறுகிற வண்டியாம். ஊரில் மலை கிடையாது, வீட்டிலிருந்து ஆபீசுக்கு முக்கால் கிலோமீட்டர். "கீழ உட்கார்ந்து போறவனை எவனும் மதிக்க மாட்டான்யா" என்பது அவர் வேதம். அவரைப் பார்த்துக் காற்புள்ளியும் அதே மாதிரி ஒன்று வாங்கிவிட்டார். தெருக்கோடி மளிகைக்கடைக்காரர்கூட இப்போது அந்த மாதிரி வண்டியில்தான் போய் உப்பும் புளியும் எடுத்து வருகிறார்.

மெக்கானிக் ஒருவரின் ஷெட்டில் ஒரு பழைய சின்னக் கார் விலைக்கு இருந்தது. ஏழு வருஷம் ஓடியது, வெளிர் நீலம். ஒரு கணக்கு வாத்தியார் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓட்டிய வண்டி. குழு பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன். எனக்கு முன்னால் ஊசியக்கா வந்திருந்தார், நடந்துதான்.

அவர் காரைப் பார்த்த விதத்தை நான் மறக்க மாட்டேன். முன் சீட்டில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "முட்டி சத்தம் போடலை" என்றார். பின் சீட்டை மடக்கி, சக்கர நாற்காலியை உள்ளே தள்ளினார். மருந்துப் பை, கட்டுத் துணி மூட்டை எல்லாம் வைத்த பிறகும் இடம் மிச்சம். சாவியை வாங்கி, பக்கத்துச் சந்துக்குள் ஓட்டிப் போனார். சைக்கிளே யோசித்துத் திரும்புகிற சந்து அது. ஒரே மடக்கில் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"லிட்டருக்கு எவ்வளவுப்பா?"

"ஊருக்குள்ள பதினெட்டு. நீங்க ஓட்டுற நிதானத்துக்கு இருபது வரும்க்கா. கிளட்ச் மட்டும் அடுத்த வருஷம் மாத்த வேண்டியிருக்கும். பொய் சொல்ல மாட்டேன்" என்றார் மெக்கானிக்.

"இது போதும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையலை" என்று காரின் தலையில் தட்டிக்கொடுத்தார் ஊசியக்கா. மதிப்பீடு பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதோடு நாங்கள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

பதினொன்றேகாலுக்குக் குழு வந்தது. ஆளுக்கொரு வண்டியில். இரண்டும் ஷெட் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. வண்டி ஆபீசர் மேலேயிருந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "கார் இன்னும் வரலையா?" என்றார்.

"உங்க கதவுக்குக் கீழதான் சார் நிக்குது" என்றார் மெக்கானிக்.

ஆபீசர் குதித்தார். காரைச் சுற்றி வந்தார். "இதுல அதிகாரி போனா ஜனங்க வழி விடுவாங்களா?"

"இதுக்கு வழி விடவே வேண்டாம் சார். இருக்கிற வழியிலயே போயிடும்."

ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். காற்புள்ளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஓட்டினா கிலோமீட்டர் கூடும். கிலோமீட்டர் கூடினா மதிப்பு குறையும். நாம மதிப்பிட வந்த காரும் நாம மதிப்பிட்ட காரும் வேற வேற காரா ஆயிடாதா? படிவத்தை எடுங்க."

இங்கேதான் நான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசில் அங்கீகரிக்கப்பட்ட வாகன மதிப்பீட்டுப் படிவம் ஒன்றே ஒன்றுதான். எப்போதோ ரோடு ரோலர் வாங்கியபோது தயாரித்தது. புதுப் படிவம் வேண்டுமென்றால் அதற்குப் படிவ மதிப்பீட்டுக் குழு கூட வேண்டும். அது நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூடியதில்லை.

"சார், இது ரோடு ரோலருக்கு உள்ள படிவம்" என்றேன்.

"மேல என்ன போட்டிருக்கு?"

"வாகனம்னு."

"இது என்ன?"

"வாகனம்தான் சார்."

"அப்புறம் என்னய்யா? படிங்க."

படித்தேன். "முன் உருளையின் அகலம்?"

"உருளை ஏதுங்க? டயர்தான்" என்றார் மெக்கானிக்.

"இல்லைன்னு போடுங்க. பூஜ்யம்" என்றார் காற்புள்ளி.

"எடை பத்து டன்னுக்குக் குறையாமல் உள்ளதா?"

"எண்ணூறு கிலோ இருக்கும்."

"பூஜ்யம்."

"ஜல்லியை எத்தனை முறையில் நசுக்கும்?"

"நசுக்காது சார், மேல ஏறிப் போயிடும்."

"பொறுப்பைத் தட்டிக்கழிக்குதுன்னு எழுதுங்க" என்றார் வண்டி ஆபீசர்.

ஊசியக்காவுக்குப் பொறுக்கவில்லை. "சார், பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்னு நீங்க கேக்கவே இல்லையே?"

காற்புள்ளி படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "அதுக்குக் கட்டம் இல்லையேம்மா. கட்டம் இல்லாததை எங்க எழுதுறது?" என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

நீலக் காருக்கு நூற்றுக்கு ஆறு மதிப்பெண். ஆறும் 'நிறம் கண்ணை உறுத்தாதது' என்பதற்காக. மறுநாள் ஷோரூமில் ஒரு புதுச் சின்னக் காரைப் பார்த்தோம். அது பளபளவென்று இருந்ததால் நாலு. விதிப்படி மூன்று வாகனங்களை ஒப்பிட வேண்டும், மூன்றாவதற்கு எங்கே போவது என்று இரண்டு பேரும் மாலை வரை பேசினார்கள். எனக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். நாக்கில் சனியன் உட்கார்ந்தது.

"நம்ம கொட்டகையில ரோடு ரோலர் சும்மாதானே சார் நிக்குது" என்றேன்.

ரோலருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. துருவுக்காக இரண்டு குறைத்தார் காற்புள்ளி. அவர் கெட்டவர் இல்லை என்று முன்பே சொன்னேன்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. பொருள் என்ற இடத்தில் 'சின்னக் கார்' என்றே இருந்தது. குழுவின் பெயரை மாற்றக் குழுவுக்கு அதிகாரம் இல்லையாம். 'மேற்படி சின்னக் கார் ஏற்கெனவே கைவசம் உள்ளமையால், புதிதாக வாங்கத் தேவை எழவில்லை. செவிலியர் இன்று முதல் அதனைப் பயன்படுத்துவார். சின்னக் கார் வீட்டு வாசலை அடைந்த பின்னரே வருகை, கணக்கில் கொள்ளப்படும்.' காற்புள்ளி வழக்கம்போல ஒரு காற்புள்ளி சேர்த்திருந்தார்.

ஊசியக்கா அதை இரண்டு தடவை படித்தார். "ரோலர்ல ஏறணும்னா முட்டியைக் கழட்டிக் கீழ வெச்சிட்டுத்தான் சார் ஏறணும்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

அவர் ஏறவில்லை, முன்னால் நடந்தார். பின்னால் சின்னக் கார் கடகடவென்று வந்தது. முட்டி தேய்ந்த அக்காவுக்கே அதன் வேகம் போதவில்லை. நோயாளி வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து அரைமணி நேரம் காத்திருப்பார். அது வந்து நின்று, டிரைவர் நோட்டில் குறித்த பிறகுதான் ஊசியை வெளியே எடுக்கலாம். ஐந்து வீடு பார்த்தவர் இப்போது இரண்டு வீடு பார்த்தார்.

ஜனங்கள் கொதித்தெழுவார்கள், தலைமேல் கல் விழும் என்று நான் காத்திருந்தேன். எழுந்தார்கள்தான். முதல் மனுவைப் பிரித்தேன். 'எங்கள் தெருவிலும் ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். நர்ஸ் அம்மாவைச் சின்னக் காருடன் உடனே அனுப்பவும்.' விஷயம் இதுதான்: ரோலர் போன தெருவெல்லாம் சமமாகிவிட்டது. விவரமானவர்கள் முதல் நாளே பள்ளத்தில் கல்லும் மண்ணும் கொட்டி வைத்துவிடுகிறார்கள், அக்கா வந்து போவதற்குள் தெரு மேஜை மாதிரி ஆகிவிடுகிறது. ஒரே மாதத்தில் முப்பத்தொரு நோயாளிகள் இருநூற்று நாற்பது ஆனார்கள். வண்டி ஆபீசர்கூட ஒரு மனு போட்டார். மலை ஏறுகிற வண்டி அவர் வீட்டு முன்னால் இருக்கிற பள்ளத்தில் இறங்கி ஏற மாட்டேன் என்கிறதாம், அதனால் அவருடைய மாமனாருக்கு உடம்பு சரியில்லை. காற்புள்ளிக்குச் சிறந்த மக்கள் சேவைக்கான கேடயம் கிடைத்தது. மனு வந்த வரிசைப்படிதான் வருகை என்று ஒரு புது உத்தரவும் வந்தது.

"ஊரே தெருவைச் சரி பண்ணிக்கிச்சு. நீங்க அந்த ஆபீஸ்லயே இருந்து என்ன பிரயோஜனம்?" என்று ஒரு நாள் என் மனைவி ஆரம்பித்தாள்.

"நம்ம வீட்டுல படுக்கையில யாரு இருக்கா?"

"ஞாயிற்றுக்கிழமை பூரா நீங்கதானே இருக்கீங்க?"

மனுவை நானே டைப் அடித்தேன். வரிசையில் கொஞ்சம் முன்னால் செருகினேன். அதுகூடச் செய்யாவிட்டால் பதினெட்டு வருஷ சர்வீசுக்கு என்ன மரியாதை?

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். ஊசியக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். நான் முனகினேன். மணிக்கட்டைப் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் நகர்ந்து படுங்க சார். நான் உட்காரணும்" என்றார்.

நகர்ந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டார். "இந்த மாசத்துல நீங்க பதினோராவது ஆரோக்கியமான நோயாளி" என்றார். "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தையல்காரர் நிஜமாவே படுத்துக் கிடக்கிறார். முதுகெல்லாம் புண்ணு. போய்ப் பதினாறு நாள் ஆச்சு. அவங்க தெரு நல்ல தார் ரோடு, அதனால அங்க யாரும் மனு போடலையாம்."

எனக்கு அவமானமாக இருந்தது. போர்வையை உதறிவிட்டு எழுந்து, அக்கா கையைப் பிடித்து, நானே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அந்தத் தையல்காரர் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்னக் கார் இன்னும் எங்கள் தெருவில் பாதிதான் வந்திருந்தது.

அதனால் எழுந்திருக்கவில்லை.