சம்பியனின் ஸ்கீயில் திருநீறு

பயந்த மனிதனிடம் வேகமாகப் போகும் எந்தப் பொருளையும் ஒப்படைக்கக் கூடாது. நான் எலிவேற்றரில் ஏறியதும் சுவரில் ஒட்டியிருக்கும் பரிசோதனைச் சான்றிதழைத் தேடி வாசிப்பவன். (ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டதால் வாசித்து முடிப்பதற்குள் என் மாடி வந்துவிடும். பயப்பட நேரம் போதாது.)

அப்படிப்பட்ட எனக்கு, எண்பதுகளின் நடுவில் டொரொன்டோவுக்கு வந்த புதிதில், பனியில் சறுக்கும் ஸ்கீப் பலகைகளுக்கு மெழுகு பூசும் வேலை கிடைத்தது. வோபர்னில் நாங்கள் இருந்த கட்டடத்தின் வாசலில் பஸ் ஏறினால் கடை வாசலில் இறங்கலாம். முதலாளி வால்ட்டர் ஒரு சுவிஸ்காரர். பழைய மெழுகைச் சுரண்டி, புது மெழுகை இஸ்திரிப்பெட்டியால் உருக்கி ஊற்றி, மறுபடி சுரண்டி, பலகையின் அடிப்பக்கம் கண்ணாடிபோல் மின்னும்வரை பிரஷ் போடவேண்டும். அந்தப் பலகைகளில் ஏறி ஆட்கள் எங்கே போகிறார்கள் என்று யோசிக்காதவரை நிம்மதியாகத்தான் இருந்தேன்.

யோசிக்க வைத்தவள் கரோல். டவுன்ஹில் சம்பியன். டவுன்ஹில் என்றால் மலையுச்சியில் இருந்து அடிவாரம்வரை ஏறக்குறைய விழுவது. யார் விரைவாக விழுந்து முடிக்கிறார்களோ அவருக்குப் பதக்கம். பெருந்தெருவில் கார்கள் போகும் வேகத்தில், காரில்லாமல் போவார்கள்.

அவளுடைய வாழ்க்கை முழுவதும் கடைச் சுவரில் படங்களாகத் தொங்கியது. வால்ட்டர் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார். (எல்லோரும் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். அவர்கள் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்கள்.)

"இது ஐரோப்பாவில் முதல் வெற்றி. இது முழங்கால். இது உலகக் கிண்ணத்தில் மூன்றாமிடம். இது மற்ற முழங்கால்."

"இது?"

"தோள்மூட்டு. அந்த வருடம் நல்ல வருடம்."

இப்போது அவள் ஓய்வுபெறப் போகிறாள். வடக்கே ஒரு மலையில், ஓர் ஆஸ்பத்திரிக்கு நிதி சேர்க்கும் போட்டிதான் கடைசி. அதற்கு அவளுடைய பரம எதிரி இங்கிரிட்டும் வருகிறாள். பத்து வருடப் போட்டிகளில் கரோல் உலகத்தில் எல்லோரையும் ஒருமுறையாவது வென்றிருக்கிறாள், இங்கிரிட்டைத் தவிர.

"இந்த ஒன்றை மட்டும் வெல்லவேண்டும்" என்று சொல்லி, பலகைகளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நடையில் இலேசாக நொண்டினாள். எனக்கு அந்த நொண்டல்தான் கண்ணில் நின்றது.

மெழுகு பூசி, பிரஷ் போட்டு முடித்தேன். பலகை மின்னியது. மின்ன மின்ன எனக்குப் பயம் கூடியது. ஒரு பெண்ணை நானே மலையில் இருந்து தள்ளிவிடுகிறேன் என்ற நினைப்பு. சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தேன். புதுக் காருக்குப் பூசுவதில்லையா? முருகா, இந்தப் பிள்ளை முழுசாகக் கீழே வரட்டும் என்று அடிப்பக்கத்தில் மூன்று குறி இழுத்தேன். கறுப்புப் பலகையில் வெள்ளைக் குறி பளிச்சென்று தெரிந்தது. வால்ட்டர் சத்தம்போடுவாரே என்று துடைத்தேன். துடைத்தேன் என்றால், நுனியில் இருந்து வால்வரை ஒரே சீராகத் தேய்த்துப் பரப்பினேன். வேலையில் சுத்தம் முக்கியம்.

போட்டிக்கு வால்ட்டர் தன் வான் வண்டியில் என்னையும் என் மனைவி யோகத்தையும் கூட்டிப்போனார். இங்கிரிட் முதலில் வந்தாள். வந்தாள் என்று சொல்வதற்குள் போய்விட்டாள். அடுத்தது கரோல். ஒலிபெருக்கியில் அவள் பெயர் கேட்டதும் நான் கண்ணை மூடினேன்.

"என்னப்பா, ஏன் கண்ணை மூடுறியள்?" என்றாள் யோகம்.

"பயப்பிடாதை. நான் திருநீறு பூசித்தான் விட்டனான்."

"எங்கை, நெத்தியிலையோ?"

"இல்லை, பலகையின்ரை அடியிலை."

யோகம் என் பக்கம் திரும்பினாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "ஊரிலை கருகின சட்டி நாங்கள் எதாலை தேய்ச்சனாங்கள்?"

"சாம்பலாலை."

"சாம்பல் வழுக்குமோ, பிடிக்குமோ?"

நான் கண்ணைத் திறந்தேன். மேலே கரோல் கிளம்பிவிட்டாள்.

செங்குத்தான இடத்தில் ஏதோ வந்தாள். நடுவில் சரிவு குறைந்ததும் வேகம் செத்துப்போனது. கடைசிச் சமதரையில், டவுன்ஹில் சம்பியன், கையிலிருந்த இரண்டு தடிகளாலும் துடுப்பால் வள்ளம் வலிப்பதுபோல் வலித்துக்கொண்டு வந்தாள். அவள் வேண்டுமென்றே மெதுவாக வந்து எல்லோரிடமும் விடைபெறுகிறாள் என்று சனம் நினைத்துவிட்டது. எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்மணி மூக்கைச் சிந்தி அழுதாள். நானும் அழுதேன், காரணம் வேறு.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கரோல் ஸ்கீயைக் கழற்றித் திருப்பினாள். வால்ட்டர் நகத்தால் சுரண்டி, சாம்பலைத் திருமணப் பந்தியில் தலைமயிர் கண்டவர்போலப் பார்த்தார்.

"இது என்ன?"

என் ஆங்கிலம் முழுவதும் ஓடிவிட்டது. "கடவுள் தூசி" என்றேன். "நீங்கள் விழக்கூடாது என்று."

கரோல் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "நான் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன். ஒன்றுக்கும் வெட்கப்பட்டதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது வால்ட்டர் ரேடியோவை உரக்க வைத்தார். யோகம் ஒருமுறை, "நல்லகாலம், மஞ்சளும் குங்குமமும் கொண்டுபோகேல்லை" என்றாள். திங்கட்கிழமை வால்ட்டர் என்னை ஸ்கீயில் இருந்து எடுத்து, ஐஸில் சறுக்கும் சப்பாத்துகளுக்கு அடிக்கத்தி தீட்டும் வேலைக்கு மாற்றினார். (கத்தியைப் பற்றி எனக்கு வந்த பயங்களை எழுதினால் கட்டுரை நீண்டுவிடும்.)

அப்படியே முடிந்திருக்கவேண்டும். ஆனால் பிரியாவிடைக் கேக் வெட்டிச் சாப்பிட்ட பிறகு கரோலுக்கு ஓய்வு பிடிக்கவில்லை. அந்த வள்ளம் வலித்த காட்சியோடு முடிக்க மனம் வரவில்லையாம். இன்னொரு வருடம் பயிற்சி எடுத்து, இங்கிரிட்டைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அதே மலையில் மறுபடி போட்டி போட்டாள். நான் போகவில்லை. வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வாரம் கடைக்கு வந்தாள். கட்டுப்போட்ட இடக்கை கழுத்தில் தொங்கியது. முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"வென்றேன்!"

"கை?"

"வேலியில் மோதினேன். கோட்டைத் தாண்டிய பிறகு. அது கணக்கில்லை."

"போன வருடம் கை நன்றாக இருந்தது" என்றேன், வாய் சும்மா இராமல்.

"போன வருடக் கையை வைத்து நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள்.

அந்த உடைந்த கையோடு நிற்கும் படத்தை, சுவரில் கடைசியாக, அவளே ஆணியடிக்கச் சொல்லித் தொங்கவிட்டாள். ஆணியை நான்தான் அடித்தேன். அவள் எட்டத்தில் போய் நின்றுகொண்டாள்.

யோகம் இந்தக் கதையைச் சொல்லாத கலியாணவீடு டொரொன்டோவில் இல்லை. போன மாதம் விட்பியில் இருக்கும் மகள் புதுக்கார் வாங்கினாள். திருநீற்றுத் தட்டோடு நான் கிட்டப்போக, அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"அப்பா, ப்ளீஸ், பொனற்றிலை மட்டும் பூசுங்கோ. ரயர் பக்கம் போகாதேங்கோ. நான் வேலைக்கு நேரத்துக்குப் போகோணும்."