காற்றுப் படாத இடம்

மொன்றியலில் பத்துக் குளிர்காலம் தாண்டிய எவனுக்கும் பனியைப் பற்றிப் பேச வாய் நீளும். எனக்கு அது இன்னும் கொஞ்சம் கூடவே நீண்டிருந்தது. பனிக்குள் புதைந்த காரைத் தோண்டி எடுப்பதில் வில்லரே பகுதியில் எங்கள் தெருவிலேயே நான்தான் கெட்டிக்காரன் (அப்படிச் சொன்னதும் நான்தான்).

என் மனைவி வதனியின் தம்பி சுதன் வன்கூவரில் இருக்கிறான். அந்தத் திமிரோடுதான் அவன் வீட்டுக்குக் குடும்பமாகப் போனேன். கடலோர மலைகளில் இரண்டு நாளாகக் கொட்டோ கொட்டென்று பனி, கூடவே பேய்க்காற்று. மறுநாள் வெயில் எறித்தது. மலைக்குப் போவோம் என்றேன்.

"அத்தான், பனிச்சரிவு வருமெண்டு எச்சரிக்கை போட்டிருக்கிறாங்கள். காத்தடிச்ச ஸ்நோ பொல்லாதது."

"எனக்கு ஸ்நோ படிப்பிக்கிறியோ? ரெண்டு துளி ஸ்நோ விழுந்தாலே பள்ளிக்கூடத்தைப் பூட்டுற ஊர்க்காரன்!"

அத்தானை எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லாத பிள்ளை. கார்ச் சாவியை எடுத்தான். பிள்ளைகளை அவன் மனைவியிடம் விட்டுவிட்டு மூவரும் புறப்பட்டோம்.

நாங்கள் எந்த மலைக்குப் போனாலும் சட்டியோடுதான் போவோம். புட்டும் ஆட்டுக்கறியும் ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். பாதையில் காற்று முகத்தை அறுத்தது. சற்றுத் தள்ளி ஒரு சரிவின் அடியில் மட்டும் துளி காற்றில்லை. மேலே பனி உப்பிப்போய் நின்றது. மலையின் அந்தப் பக்கத்துப் பனியையெல்லாம் காற்று அள்ளி வந்து இந்தப் பக்கம்தான் குவித்திருக்கிறது என்பது என் மொன்றியல் மூளைக்கு எட்டவில்லை.

"இஞ்ச வாங்கோ, காத்துப் படாத இடம்!" சட்டியை இறக்கி மூடியைத் திறந்தேன்.

சுதன் மேலே பார்த்துவிட்டு ஓடி வந்தான். "பேந்து சாப்பிடலாம், எழும்புங்கோ அத்தான்!"

தொம் என்றொரு சத்தம். அவன் என்னைப் பிடித்து மரங்களின் பக்கம் தள்ளினான். மேலே உப்பி நின்ற பனி மொத்தமாய்ச் சரிந்து விழுந்தது. நான் எழும்பியபோது சுதன் இல்லை, சட்டியும் இல்லை. என் கையில் மூடி மட்டும் இருந்தது.

"என்ர தம்பி எங்கை?" பின்னால் வந்துகொண்டிருந்த வதனி அலறினாள்.

பனிக்கு வெளியே ஒரு கையுறை அசைந்தது. மூடியால் தோண்டினேன். சரிந்த பனி சீமெந்தாய் இறுகியிருந்தது; மூடிதான் வளைந்தது. தெருவிலேயே கெட்டிக்காரனான நான் அழத் தொடங்கினேன். பனிச்சறுக்குக்கு வந்த சிலர் மண்வெட்டிகளோடு ஓடிவந்து தோண்டினார்கள். அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது, ஆனால் மூச்சு இருந்தது. வலது முழங்கால் இனி மடங்காது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

இப்போதும் மொன்றியலில் முதல் பனி விழுந்ததும் சுதன் எனக்குப் போன் எடுப்பான். ஸ்பீக்கரில் போடச் சொல்லுவான்.

"அத்தான், சாப்பிடக் காத்துப் படாத இடம் கிடைச்சுதோ?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சிரிக்காவிட்டால் குரல் உடைந்துவிடும். வதனி மட்டும் சிரிப்பதில்லை. என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவாள். ஒவ்வொரு வருஷமும் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"குளிருக்குக் கால் நோகுதோடா?"