மாப்பிள்ளையின் காட்டை அளந்த விவரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம், மரங்கள் உட்பட. கட்டுப்போட்டிருக்கும் தங்கள் வலது கால் எப்படி இருக்கிறது? போனில் சொல்லத் தைரியமில்லாததால் இந்தக் கடிதம்.

தங்கள் ஆராய்ச்சி நிலையம் முப்பத்திரண்டு வருடமாக ஒரு வருடம்கூட விடாமல் அளந்துவரும் காடு, தங்கள் கால் முறிந்ததால் இந்த வருடம் விட்டுப்போகக் கூடாது என்று என் மகள் அழுததால், நானும் தங்கள் அப்பாவும் செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். நாற்பது வருடம் தையல் கடை வைத்தவனுக்கு மரத்தைச் சுற்றி டேப் பிடிப்பது ஒரு வேலையா என்று நினைத்தேன். நெஞ்சு உயரத்தில் அளக்கச் சொன்னீர்களே தவிர, யார் நெஞ்சு என்று சொல்லவில்லை. சம்பந்தி ஆறடி, நான் ஐந்தடி. "என் பையன் காடு, என் நெஞ்சுதான்" என்றார் அவர். "காலு ஒடிஞ்ச பையனுக்குப் பொண்ணு குடுத்தது யாரு?" என்றேன் நான். கடைசியில் மரத்தில் எழுதியிருந்த நம்பர் ஒற்றைப்படையானால் அவர் நெஞ்சு, இரட்டைப்படையானால் என் நெஞ்சு என்று முடிவானது. பன்னிரண்டாவது மரத்தில் சம்பந்தி, "எதுக்குங்க டேப்புக்குள்ள ரெண்டு விரலை விடறீங்க?" என்று கேட்டார். "வளர்ற மரம், லூஸ் விடலைன்னா அடுத்த வருஷம் புடிக்குமே" என்றேன். பழக்கதோஷம், மாப்பிள்ளை.

மண்ணையாவது ஒழுங்காக எடுப்போம் என்று மேல்மண், நடுமண், அடிமண் என மூன்று பைகளில் பிரித்து வைத்தோம். சம்பந்தி வழுக்கி அவற்றின்மேலேயே உட்கார, மூன்றும் கொட்டிக் கலந்துவிட்டன. "மண்ணுதானே, கலந்தா சத்து ஜாஸ்தி" என்று அள்ளி மூன்று பையிலும் சமமாகப் போட்டார்.

வீட்டுக்கு வந்து போன வருட நோட்டைப் பார்த்தால், ஏழாம் நம்பர் மரம் பாதியாய் இளைத்திருக்கிறது, பதினெட்டாம் நம்பர் இரண்டு மடங்காய்ப் பெருத்திருக்கிறது. அன்றிலிருந்து இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்திரண்டு வருட உழைப்பை இரண்டு கிழங்கள் ஒரே நாளில் பாழாக்கிவிட்டோம். எங்களைத் திட்டுங்கள், மகளை ஒன்றும் சொல்லாதீர்கள்.

தாங்களும் அவளும் மரம்போல் உறுதியாக, எங்கும் விழாமல் நூறாண்டு நிற்க வாழ்த்தும்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும்போது காட்டுக் காவல்காரர் வந்தார். "செவ்வாக்கிழமை முழுக்க உங்களுக்காகக் காத்திருந்தேன், வரவே இல்லையே?" என்கிறார். ஆராய்ச்சிக் காடு ஓடைக்கு அந்தப் பக்கமாம். நாங்கள் அளந்தது தீப்பெட்டிக் கம்பெனித் தோப்பு; நம்பர் போட்டிருந்தது வெட்டுவதற்காம். ஆகவே மேலே உள்ளதைப் படிக்காமல் கிழித்துவிடவும். தங்கள் காடு பத்திரமாக இருக்கிறது. நாளைக் காலை நாங்கள் அங்கே போகிறோம்.