இரண்டு வயதுக்கு ஒரு 'ட'

உலகத்துக்கு ஜட்டியும் பனியனும் தந்த திருப்பூர், துப்பாக்கிக்குப் பேச்சும் கற்றுக்கொடுத்தது என்பதை வருங்கால வரலாறு பொன்னெழுத்துகளில் பொறிக்கும். பொன்னெழுத்து பிரிண்டுக்கு ரேட் கொஞ்சம் அதிகம். அது வரலாற்றின் பாடு.

அனுப்பர்பாளையத்தில் கந்தப்பன் முதலாளியின் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நான். குழந்தைகளுக்கான, தொப்பி வைத்த டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. நெஞ்சில் துப்பாக்கிப் படம். பக்கத்தில் அது சுடும் சத்தம், உள்ளூர் மொழியில். அப்போதுதான் 'இயற்கையாக' இருக்குமாம். குழந்தை போட்டுக்கொண்ட போட்டோ மாலைக்குள் வேண்டும் என்று, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் எழுதியிருந்தார்.

உடனே 'ஒலித் தேர்வுக் குழு' கூடியது. வடை வந்தது.

"டுமீல்னு போட்டுக்கலாமுங்க," என்றார் தலைவர் கந்தப்பன்.

"அது பழைய துப்பாக்கிங்க. ஒருக்கா சுட்டுப்போட்டு நின்னுக்கும்," என்றாள் டிசைனர் நித்யஸ்ரீ. "இப்பெல்லாம் டடடடடன்னு ஒரே ஓட்டந்தானுங்க."

"படபட?" என்றார் கந்தப்பன்.

"அது எதிர்ல நிக்கறவன் நெஞ்சு அடிச்சுக்கற சத்தமுங்க."

பையர் அதைக் கேட்கவில்லை என்பதால் 'படபட' தள்ளுபடி செய்யப்பட்டது.

பிரிண்டிங் மாஸ்டர் இளங்கோ மட்டும் முகத்தைச் சுளித்தார். "ரெண்டு வயசு சைஸ்ல அத்தன 'ட' ஏறாதுங்க. நெஞ்சே இத்துனூண்டுதான்."

கந்தப்பன் வடையைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "ரெண்டு வயசுக்கு ஒரு 'ட' போதுமுங்க. வயசு ஏற ஏறக் கூட்டிக்கலாம்."

குழு கைதட்டியது. வயதுக்குத் தக்கபடி சுடும் ஒழுங்கு எந்த ராணுவத்திலும் கிடையாது.

போட்டோவுக்குக் குழந்தை வேண்டுமே. தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருக்கும் ஜோதிகாவின் மகன் கம்பெனிக் குழந்தைகள் அறையில் இருந்தான். இரண்டு வயது, கச்சிதமான அளவு. அவசரமாக அச்சடித்த சாம்பிள் சட்டையை மாட்டி நிறுத்தியதும் ஜோதிகா ஓடிவந்து கழற்றினாள்.

"எம்பிள்ள நெஞ்சுல சுடுத சத்தம் வேண்டாம் சார்."

"வெறும் பிரிண்ட்தான் கண்ணு," என்றார் கந்தப்பன். "தொவச்சாலும் போகாது."

"போவாதுன்னுதான் பயமா இருக்கு சார்."

"போட்டோ போகலீன்னா ஆர்டர் போயிரும். உன் வேலையும் போயிரும், பாத்துக்க."

அவளுக்குக் கண் கலங்கியது. வீட்டு வாடகை அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஆனாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஏற்றுமதி உணர்வு இந்த அளவுக்கா மங்கிப்போகும் என்று நாங்கள் வருந்தினோம்.

கடைசியில் பிளாஸ்டிக் பொம்மைக்கு மாட்டிப் படமெடுத்து அனுப்பினோம். பொம்மை ஒன்றும் சொல்லவில்லை.

பதில் உடனே வந்தது. துப்பாக்கி அருமை, சத்தம் அதைவிட அருமை. ஆனால் தொப்பியில் இருக்கும் கயிறு குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். குழந்தைகளின் உயிர் விஷயத்தில் 'துளியும் சமரசம் கிடையாது'.

கயிற்றை உருவினோம். 'குழந்தைகளுக்கு முற்றிலும் பாதுகாப்பானது' என்று சான்றிதழ் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு வாசலில் மாட்டியிருக்கிறோம்.

அப்படிப்பட்ட நிறுவனத்தில் இருந்துகொண்டு பிள்ளையின் உயிருக்குப் பயப்பட்ட ஜோதிகாவை மட்டும் வேலையை விட்டு நிறுத்திவிட்டோம்.