மனு அக்காவும் போலந்து மார்த்தாவும்

திருவொற்றியூரில் மனு அக்காவிடம் மனு வாங்காத அதிகாரியே கிடையாது. அப்படி ஒருவர் இருந்தால், அவர் இன்னும் வேலையில் சேரவில்லை என்று அர்த்தம்.

அக்காவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. துறைமுகத்து கேன்டீனில் வேலை, மீதி நேரமெல்லாம் மனு. தெருவிளக்குக்கு மனு, டிரெய்லர் லாரி ஹாரனுக்கு மனு. பூசையில் பிரசங்கம் இருபது நிமிஷத்தைத் தாண்டக் கூடாது என்று கோயில் ஃபாதருக்கே மனு கொடுத்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் வாங்கி வந்தவர். எதிர்வீட்டில் குடியிருந்த குற்றத்துக்கும், கையெழுத்து அழகாக இருந்த குற்றத்துக்கும் அத்தனையையும் எழுதிக் கொடுத்தது நான்.

அக்காவின் பையன் வெளியூரில் வேலை கிடைத்துப் போய், அவன் அறை காலியாகக் கிடந்த சமயம். வெளிநாட்டுப் பள்ளி மாணவர்களை ஒரு வருஷம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் குடும்பங்கள் தேவை என்று எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். அதில் காலிக் கட்டங்கள் இருந்தன. காலிக் கட்டத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற பழக்கம் அக்காவுக்கு இல்லை. ‘உங்கள் பகுதியின் சிறப்பு’ என்ற இடத்தில், ‘சாயங்காலமானால் கேஸ் நாற்றம் வரும், கண் எரியும்’ என்று எழுதச் சொன்னார்.

“சிறப்புன்னா நல்லதா எதனா சொல்லுக்கா.”

“நல்லது வரசொல்ல எய்திக்கலாம். இப்ப கீறத எய்து.”

அந்த ஃபாரத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி போலந்திலிருந்து வந்து இறங்கினாள். பெயர் மார்த்தா. எங்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு மார்த்தாக்கள் இருந்ததால் இவள் போலந்து மார்த்தா ஆனாள். இரண்டே மாதத்தில் அக்காவின் பாஷையைப் பிடித்துக்கொண்டாள். வழக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். மீன் குழம்பில் காரம் குறைக்கக் கோரி அக்காவுக்கே ஒரு மனு கொடுத்தாள். அக்கா முறைப்படி வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் பதில் தந்தார்: ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.’ கடைசிவரை அது பரிசீலனையிலேயே இருந்தது.

அந்த கேஸ் நாற்றம் மட்டும் அக்காவுக்கு விளையாட்டில்லை. அது எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது என்று அக்கா பெயரோடு சொல்வார். எனக்குப் பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள், நான் சொல்ல மாட்டேன். பத்து வருஷத்துக்கும் மேலாகத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் அதற்கு மனு கொடுத்துக்கொண்டிருந்தார். பதிலும் தவறாமல் வரும்: ‘ஆய்வு செய்யப்பட்டது. குறை ஏதுமில்லை.’ இந்தக் காற்று பிள்ளைகளுக்கு ஆகாது என்று, சீல் வைத்த ஒரு காகிதத்தில் ஒரே ஒரு வரி. அக்கா அத்தனை வருஷமாக அலைந்தது அதற்குத்தான்.

மழைக்காலம் முடிந்ததும் மார்த்தாவுக்கு இருமல் பிடித்தது. போனில் அவள் அம்மாவிடம் பேசும்போதும் இருமினாள். மறுவாரமே அவளை அனுப்பிவைத்த அமைப்பிலிருந்து ஒரு சார் காரில் வந்தார். நல்ல மனிதர். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார்.

“இந்தக் காத்து பொண்ணுக்கு ஒத்துக்காதும்மா. அடையார் பக்கம் வேற வீடு பாத்திருக்கோம். குடும்பக் காரணங்களுக்காக அனுப்பறோம்னு எழுதியிருக்கு, ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“என் வூட்ல இன்னா குடும்பக் காரணம்? இப்ப வாயால சொன்னியே சார், காத்து ஒத்துக்காதுன்னு. அத்த அப்டியே எய்தி சீல் வச்சிக் குடு. இல்லாங்காட்டி புள்ள இங்கயேதான் இருக்கும்.”

தெருவே வாசலில் கூடிவிட்டது. சார் வெளியே போய் நாலு இடத்துக்கு போன் போட்டார். திரும்பி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு லெட்டர்பேடில் எழுதினார்: ‘இப்பகுதியின் காற்று பதினாறு வயது மாணவியின் உடல்நலத்துக்கு உகந்ததல்ல.’ கீழே சீல்.

அக்கா இரண்டு தடவை படித்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகத்தில் அப்படி ஒன்றையும் காணோம். அந்தக் காகிதத்துக்கு விலை மார்த்தா என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

மார்த்தா அறை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள். “நான் போவமாட்டேன்க்கா. அல்லாரும் இங்கதானே கீறாங்கோ.”

“அவுங்களுக்குப் போவ வேற எடம் இல்ல, கீறாங்கோ. உனுக்குக் கீது. நீ போ. போவ முடியாதவங்களுக்கு நான் கீறேன்.”

பெட்டியை அக்காவே கட்டினார். கார் திரும்பி மறைகிற வரை வாசலிலேயே நின்றார்.

திங்கள்கிழமை காகிதத்தோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அதிகாரி பழைய பதிலுக்காக வாயைத் திறந்ததும் மேஜைமேல் அதை வைத்தார்.

“போலந்துப் பொண்ணுக்கு ஆகாதுன்னு சீல் வச்சிக் கீது. எங்க தெருவுல அதே வயசுல ஒம்போது புள்ளைங்க கீதுங்கோ. அதுங்களுக்கு எங்க சார் வூடு பாத்து வச்சிக்கீறீங்கோ?”

அதிகாரி காகிதத்தை எடுத்துப் படித்தார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து மட்டும் போட்டார். நாற்றம் நின்றதா என்று கேட்காதீர்கள். அக்காவும் நிற்கவில்லை, அதைச் சொல்லலாம்.

மார்த்தா ஊருக்குத் திரும்பும்வரை ஞாயிறு தவறாமல் மெட்ரோ பிடித்து வந்தாள். அக்கா ஜன்னல்களையெல்லாம் சாத்திக்கொண்டே திட்டுவார். “இன்னாத்துக்கு வந்த? வந்தது வந்துட்ட, உக்காரு. ரொம்ப இழுத்து மூச்சு வுடாத.”

நானும் இப்போது அந்தத் தெருவில் இல்லை. போக முடிந்தது, போய்விட்டேன். எப்போதாவது போய் நின்றால் எனக்கும் அதே திட்டுதான். ஒருநாள் அக்கா திட்டாமல் “வாங்க” என்று சொல்லிவிட்டால், அதை என்னால் தாங்க முடியாது.